சம்மந்திக்கு ஒரு நாவல் பரிந்துரைத்தேன்

"இந்தப் புத்தகத்தைக் கட்டாயம் படிங்க, இந்தப் படத்தைக் கட்டாயம் பாருங்க" என்று அடுத்தவரிடம் சொல்பவர்களில் பாதிப் பேர் அதைக் கடைசிவரை பார்த்திருக்கமாட்டார்கள். மீதிப் பேர் நடுவில் தூங்கியிருப்பார்கள். இதை நான் விசாரித்து அறிந்தே எழுதுகிறேன். துணைத் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன், விசாரிக்காமல் எதையும் சொல்லமாட்டேன். (ஒரே ஒரு தடவை சொன்னேன். மகளின் கல்யாணம் நின்றிருக்கும்.)

பரிந்துரைப்பது என் வாழ்நாள் தொழில். ஒரு மனு வந்தால் இடத்தை நேரில் போய்ப் பார்க்க வேண்டும், அக்கம்பக்கத்தில் கேட்க வேண்டும், அதன் பிறகுதான் 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம். ஏரியைப் பார்க்காமல் டீக்கடையில் உட்கார்ந்தபடியே ஏரியைப் பற்றி அறிக்கை எழுதிய ஒருவரை, சித்திரை வெயிலில் கரை முழுக்க நடக்கவைத்தவன் நான். (இன்றைக்கும் என்னைக் கண்டால் அவர் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்.)

ஓய்வுக்குப் பிறகு கையெழுத்துக்கு எதுவும் வரவில்லை. கை அரித்தது. ஊரில் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் புத்தகம், படம், பாட்டு என்று பரிந்துரைக்க ஆரம்பித்தேன். பால்காரருக்கு ஒரு மலையாளப் படம். என் பல்லைப் பிடுங்கிய டாக்டருக்கு ஒரு தொடர். (வாயில் பஞ்சு இருந்ததால் எழுதிக் காட்டினேன்.)

எனக்குச் சரக்கு வந்தது காஜா பாயிடமிருந்து. உத்திரமேரூர் பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். ஆணி நிறுக்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் படிப்பவர். ஒரு நாள் தலையணை கனத்தில் ஒரு நாவலைக் கொடுத்து, முழுதாகப் படித்துவிட்டு வந்து பேசச் சொன்னார். நான் தொண்ணூறு பக்கம் படித்தேன். கதாநாயகர் ஒரு தறிக்காரர். சாது. அதிர்ந்து பேசமாட்டார். தொண்ணூறாம் பக்கத்தில் வெள்ளம் வந்து தறிக்குழியில் தண்ணீர் புகுந்துவிட, தறியில் நனைந்த பாவு நூலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மனிதர் அழுகிறார். எனக்கும் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு படிக்கக்கூடாது என்று மூடிவைத்தேன். மறுபடி திறக்கவில்லை.

அப்போது என் மகள் தேன்மொழிக்கு நிச்சயதார்த்தம் முடிந்து, பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. மாப்பிள்ளை வீடு ஐயங்கார்குளம். சம்மந்தி ஏகாம்பரத்துக்கு நாலு தறி சொந்தம், சாது, அதிர்ந்து பேசமாட்டார். அவருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது, பார்க்கப் போனோம். என் மனைவி சரோஜா சாத்துக்குடி எடுத்துக்கொண்டாள். நான் நாவலை எடுத்துக்கொண்டேன். கண் ஆபரேஷன் ஆனவருக்குப் படிக்கப் புத்தகம் கொண்டுபோன முதல் ஆள் இந்த மாவட்டத்தில் நானாகத்தான் இருக்கும்.

கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் சம்மந்தி சங்கடமாகச் சிரித்தார். அவர் மனைவி மல்லிகாதான், தினமும் தான் வாசித்துக் காட்டுவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார். அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம்.

"படிக்கும்போது வரிக்கு வரி உங்க ஞாபகம்தான் சம்மந்தி. அந்தத் தறிக்காரர் அப்படியே நீங்கதான்" என்றேன்.

அதன் பிறகு ஐயங்கார்குளத்திலிருந்து போன் வருவது குறைந்தது. பிறகு நின்றது. மண்டபத்துக்குச் சமையல்காரரை முடிவு செய்ய நான் கூப்பிட்டால் சம்மந்தி எடுப்பதில்லை. மாப்பிள்ளையைக் கேட்டால், வீட்டில் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வதே இல்லை, காரணம் தெரியவில்லை என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேரும் முன்னறிவிப்பில்லாமல் எங்கள் வாசலில் வந்து இறங்கினார்கள். மல்லிகா கையில் ஒரு மஞ்சள் பை, கனமாக.

காபி வேண்டாம் என்றார்கள். எங்கள் பக்கத்தில் சம்மந்தி வீட்டில் காபி வேண்டாம் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சரோஜா என்னை அடுப்படிக்கு இழுத்துப்போனாள்.

"பைய பாத்தீங்களா? நிச்சயத்துக்கு நாம வெச்ச துணிமணி. திருப்பிக் குடுக்க வந்துட்டாங்க."

அறைக்குள் இருந்த தேன்மொழியின் காதில் அது விழுந்து, கதவு மெல்ல மூடியது. நான் திரும்பிப் போய் உட்கார்ந்தேன். மல்லிகா பைக்குள் கைவிட்டு நாவலை எடுத்து டீப்பாய்மேல் வைத்தார்.

நிம்மதியில் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அவர்கள் சிரிக்கவில்லை.

"சார், இத படிக்கறப்ப எந்த எடத்துல என் ஞாபகம் வந்துச்சு?" என்று கேட்டார் சம்மந்தி. அதுவரை சம்மந்தி என்று கூப்பிட்டவர் சாருக்கு மாறியிருந்தார்.

பிரஷர் மாத்திரை போடவேண்டும் என்று சொல்லிவிட்டு, கொல்லைப்புறம் போய் காஜா பாய்க்குப் போன் போட்டேன். அந்தக் கதையில் கடைசியில் என்ன ஆகிறது என்று ரகசியக் குரலில் கேட்டேன்.

"அத சொன்னா படிக்கிற ருசி பூடும் சார்."

"பாய், அவசரம்."

"எனுக்கு ஒரு கொள்கை கீது சார். யாருக்கும் முடிவ சொன்னதில்ல. பெத்த புள்ளைக்கே சொன்னதில்ல. பேஜார் பண்ணாம நீங்களே படிங்க" என்று சொல்லிவிட்டு யாருக்கோ தாழ்ப்பாள் எடுத்துக்கொடுக்கப் போய்விட்டார்.

திரும்பி வந்தேன். பதில் தெரியாத கேள்விக்கு மேலதிகாரியிடம் எப்படிப் பதில் சொல்வோமோ அப்படிச் சொன்னேன். "குறிப்பா ஒரு எடம்னு இல்ல சம்மந்தி. மொத்தமாவே."

"கடைசிலயுமா?" என்றார் மல்லிகா.

"கடைசிலதாம்மா ரொம்ப."

ஏகாம்பரம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கண் சிவந்திருந்தது. (ஆபரேஷனால்தான் என்று இன்றுவரை நம்புகிறேன்.) அந்தச் சாதுத் தறிக்காரர் வெள்ளம் வடிந்ததும் என்னென்ன செய்தார் என்பதை அவர் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டேன். மருமகளின் நகையை விற்கிறார். பெற்ற தாயை வெளியே அனுப்புகிறார். வாலாஜாபாத்தில் இன்னொரு குடும்பம் வேறு, இரண்டு குழந்தைகளோடு.

"அவன் பண்ற ஒவ்வொரு அயோக்கியத்தனத்துக்கும் படிக்கிறத நிறுத்திட்டு இவ என்ன ஒரு பார்வ பாப்பா சார். கண்ணு ஆபரேஷன் ஆயி கீறவன்கிட்ட வந்து, வாலாஜாபாத்துக்கு மாசா மாசம் இன்னாத்துக்குப் போறேன்னு கேக்கறா. நூல் வாங்கப் போறேன் சார்."

நான் வாயைத் திறப்பதற்குள் மல்லிகா சொன்னார். "வேற யார்னா சொல்லியிருந்தா வுட்டுருப்பேன் அண்ணே. நீங்க தாலுக்கா ஆபீஸ்ல இருந்தவரு. விசாரிக்காம சொல்லமாட்டேன்னு நீங்களே சொல்லிக்கினு இருப்பீங்க. வாயால சொல்ல முடியாம புத்தகமா குடுத்திருக்கீங்கன்னு நெனைச்சேன். எங்க வூட்டு ஆம்பள அப்படின்னா, அந்த வூட்டுக்கு உங்க பொண்ண எப்படி அனுப்புவீங்க? அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

பணிக்காலம் முழுக்கச் சேர்த்துவைத்த நல்ல பெயர் இப்படி ஒரு வேலையைச் செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அறைக்கதவு லேசாகத் திறந்திருந்தது. பின்னால் தேன்மொழி நின்றிருந்தாள்.

"நான் தொண்ணூறு பக்கம்தாம்மா படிச்சேன்" என்றேன்.

மல்லிகா புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நம்பவில்லை என்று தெரிந்தது. தொண்ணூறாம் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டார். வெள்ளம், தறிக்குழி, நனைந்த பாவு, அழுகை என்று ஒப்பித்தேன். அதற்கு அடுத்த பக்கத்தில்? தெரியாது. வாலாஜாபாத் பொம்பளை பேர்? தெரியாது. வெளியே அனுப்பிய அம்மா கடைசியில் எங்கே போனாள்? தெரியாது.

"நெசமாவே ஒண்ணும் படிக்கல" என்று கணவரைப் பார்த்துச் சொன்னார். பல நாள் கழித்து அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கவேண்டும். ஏகாம்பரம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "காபி இன்னும் கீதுங்களா சம்மந்தி?" என்று அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தார். சரோஜா காபி கொண்டுவந்தாள். என்னைத் தவிர எல்லோருக்கும்.

கல்யாணத்துக்கு முன் நாவலை நான் முழுதாகப் படித்துவிட வேண்டும் என்று மல்லிகா தீர்ப்பளித்தார். முகூர்த்தம் முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தபோது எதிரில் வந்து நின்று கேள்வி கேட்டார். வாயில் ஜாங்கிரியோடு பாஸ் ஆனேன். பாய் மொய் எழுதிவிட்டு வந்து, இப்போது முடிவைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டார். நான் பாயசம் கேட்டுக் குரல் கொடுத்தேன்.

இப்போதும் எங்கள் வீட்டில் நான் எதையாவது நன்றாக இருக்கிறது என்றால், அது படமோ, பாட்டோ, புதிதாகத் திறந்த ஓட்டல் தோசையோ, "எத்தனாவது பக்கம் வரைக்கும்?" என்று நாலு பக்கமிருந்தும் கேள்வி வரும். போன வாரம் வந்திருந்த தேன்மொழியிடம், மாப்பிள்ளை தங்கமான பையன் என்றேன். கை கழுவிக்கொண்டிருந்த மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார்.

"எத்தனாவது பக்கம் வரைக்கும்ப்பா?" என்றாள்.

தொண்ணூறு என்று சொல்லி நான் முடிப்பதற்குள், "அங்கயே நிறுத்திக்குங்க மாமா" என்றார் அவர்.