சாம்பார் கரண்டிக்கு அந்தப் பக்கம்

வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் வீட்டில் யாருக்கும் காய்ச்சலே வராது. சந்தேகமிருந்தால் போன் போட்டுக் கேட்டுப் பாருங்கள். மூட்டு வலிக்காது, மோட்டார் ரிப்பேர் ஆகாது, பக்கத்து வீட்டோடு சண்டையே இருக்காது. அந்தப் பக்கம் பிள்ளையும் லேசுப்பட்டதல்ல. எப்போது கேட்டாலும் சாப்பிட்டு முடித்திருக்கும், ஸ்வெட்டர் போட்டிருக்கும், கூடத் தங்கியிருப்பவள் தங்கமானவளாக இருப்பாள். நடுவில் ஏழு கடலும் நாலைந்து நாடும் கிடக்கும்வரை இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. அந்தத் தூரம் ஒரு சாம்பார் பாத்திரத்தின் அகலத்துக்குச் சுருங்கினால்தான் கஷ்டம். எனக்குச் சுருங்கியது.

நான் வடக்குப்பட்டுக்காரி. தண்டலம் பக்கம் ஒரு கல்லூரியில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு மேல்படிப்புக்கு ஜெர்மனி போனேன். படித்து முடித்ததும் அங்கேயே, கார் சீட்டுக்கு அடியில் வரும் இரும்புச் சட்டங்களை வாங்கும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. முழுசாகக் கிடைத்தது என்று சொல்ல முடியாது. சோதனைக் காலம். அதைத் தாண்டினால்தான் வேலை நிரந்தரம், வேலை நிரந்தரமானால்தான் விசாவுக்கு நிம்மதி. அந்த நேரம் பார்த்து என் மேலதிகாரி மார்க்குஸ் காபிக் கோப்பையும் கையுமாக வந்து நின்றார்.

"நமக்குச் சட்டம் செய்து அனுப்பும் தொழிற்சாலை ஒன்று உங்கள் ஊர்ப்பக்கம் இருக்கிறது. தரத் தணிக்கைக்குப் போகிறோம். நீதான் நடத்தப் போகிறாய். ஒரகடம்." (அந்தப் பெயரை அவர் சொன்னபோது அவர் தொண்டையில் மீன்முள் மாட்டியது போல இருந்தது.) "உன் வீடு அங்கிருந்து பக்கமா?"

பக்கமா? எங்கள் மாடியில் துணி காயப்போட்டால் அந்தக் கம்பெனிக் கூரைகள் வரிசையாகத் தெரியும்.

"கொஞ்சம் தூரம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பது எங்கள் அம்மா ரோசலினைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். நான் ஜெர்மனி கிளம்பிய அன்று வேன் வைத்துத் தெருவையே விமான நிலையத்துக்கு அழைத்து வந்தவள். வாசலில் தள்ளுவண்டிகளை எல்லாம் நிறுத்தி வைத்துப் பாஸ்டரை ஜெபம் பண்ண வைத்தவள். நான் வருவது தெரிந்தால் மார்க்குஸுக்கு மாலை நிச்சயம், சால்வை நிச்சயம், யார் கண்டது, பேண்டு வாத்தியம்கூட வரலாம். ஆகவே என் திட்டம் இதுதான்: ஓசைப்படாமல் வந்து, ஓட்டலில் தங்கி, வியாழனும் வெள்ளியும் தணிக்கையை முடித்து, சனிக்கிழமை வீட்டுக் கதவைத் தட்டி அம்மாவை அசத்துவது.

அப்பாவிடம் மட்டும் சொன்னேன். அவர் கம்பெனி ஆட்களை ஏற்றிப் போகும் பஸ் ஓட்டுகிறார். "ஒரகடத்துல ஒரு கம்பெனிக்கு வர்றேன்ப்பா. சனிக்கெழமை வூட்டுக்கு வந்துட்றேன். அம்மாகிட்ட மூச்சு வுடாத."

அவர் நீளமாக ஒரு "ம்" போட்டார். அந்த நீளத்தை நான் பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை வந்து இறங்கி, ஸ்ரீபெரும்புதூர் ஓட்டலில் பெட்டியை வைத்ததுமே அம்மாவின் அழைப்பு. தினமும் மத்தியானம் சாப்பாட்டு நேரம் முடிந்துதான் கூப்பிடுவாள், அங்கே எனக்குக் காலை. ஜன்னலுக்கு வெளியே கன்டெய்னர் லாரி ஒன்று ஊரைக் கிழிக்கிற மாதிரி ஹாரன் அடித்தது.

"இன்னாடி சத்தம் அது?"

"பனி அள்ற வண்டிம்மா. இங்க ஒரே பனி, வெளிய காலு வெக்க முடியல."

அம்மா பக்கம் ஏதோ அண்டா உருண்டது. "அங்க இன்னாம்மா சத்தம்?"

"பக்கத்து வூட்ல விசேஷம். நான் சும்மா துணி மடிச்சிகினு கீறேன். நீ காதுல பஞ்சு வெச்சிக்கோ."

பாவம், நம்பிவிட்டாள் என்று சிரித்துக்கொண்டே போனை வைத்தேன்.

மறுநாள் தொழிற்சாலை. அதன் தர மேலாளர் பிரபாகர் எங்களை வாசலிலேயே வரவேற்று ஆங்கிலத்தில் பேசினார். நானும் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னேன். சாதாரண ஆங்கிலம் இல்லை, நாலு வருஷ ஜெர்மன் குளிரில் ஊறிய ஆங்கிலம். தமிழ் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தணிக்கை அதிகாரி என்றால் ஒரு கெத்து வேண்டாமா என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன். தலையில் ஹெல்மெட், கண்ணில் பாதுகாப்புக் கண்ணாடி, காதுக்குமேல் வெட்டிய முடி. என்னை வடநாட்டுக்காரி என்று எல்லோரும் தீர்மானித்துவிட்டார்கள். ஒருவர் "பானி?" என்று தண்ணீர் நீட்டினார். "தேங்க்யூ" என்று வாங்கிக் குடித்தேன். எனக்கு அது பிடித்திருந்தது என்பதுதான் கேவலம்.

லைனில் இரண்டு பையன்கள் வெல்டிங் முடிந்த சட்டங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சட்டைப் பையில் பெயர் தைத்திருந்தது: ஒருவன் தினேஷ், பேச்சிலேயே நம்ம ஊர். இன்னொருவன் சுடலை, தூத்துக்குடிப் பக்கம். நான் ஒரு கை தூரத்தில் நின்று இரும்புச் சட்டத்தை முறைத்துக்கொண்டிருந்தேன்.

"மச்சி, இந்தம்மா இன்னா சட்டத்தையே மொறச்சிகினு கீது? பொண்ணு பாக்க வந்த மாமியார் மாதிரி" என்றான் தினேஷ்.

"ஏல, சும்மா கெட. அந்த ரேக்குப் பின்னால மட்டும் பாத்துரக் கூடாதுல. ரிஜெக்ட் ஆன பீஸ் பூராவும் அங்கதான கெடக்கு."

"அதுக்கு இன்னா தெரியும்? மதியம் கேன்டீன்ல நம்ம சாம்பார் துன்னா சாயங்காலம் ரூம விட்டே வராது."

எனக்குள் ஒரு பூனை மீசையை நக்கிக்கொண்டது. சாப்பாடு முடிந்ததும் நேரே அந்த ரேக்குக்குப் பின்னால் போய் நிற்பேன், மார்க்குஸ் அசந்து போவார், என் வேலை நிரந்தரம். இந்த நினைப்போடு கேன்டீனுக்குள் நுழைந்தேன்.

விருந்தாளிகளுக்குத் தனி அறை இருந்தது. மார்க்குஸ்தான் தொழிலாளர்களோடு வரிசையில் நின்று சாப்பிட வேண்டும் என்று அடம்பிடித்தார். எனக்குப் பின்னால் அவர், அவருக்குப் பின்னால் பிரபாகர், பக்கத்து மேசையில் தினேஷும் சுடலையும். பரிமாறும் பெண்கள் தலைக்கு வலைத் தொப்பியும் முகத்துக்கு மாஸ்க்கும் போட்டிருந்தார்கள். கண் மட்டும்தான் தெரியும். அதையும் யார் பார்த்தது? நான் தட்டைப் பார்த்து, போதும் என்று கையைக் காட்டினேன்.

"இன்னாம்மா இது, கோழி கொத்தறாப்புல? இந்த சோறு எந்த மூலைக்கு?" என்று இன்னொரு கரண்டி சோறு விழுந்தது.

கை அப்படியே நின்றுவிட்டது. இந்த வட்டாரத்தில் இதே குரலுள்ள பெண்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள் என்று மனசு வேகமாக வாதாடியது. ஆனால் வேண்டாம் என்கிறவளுக்கு இன்னொரு கரண்டி போடுகிறவள் உலகத்தில் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். நிமிர்ந்தேன். மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்கள் என் கண்ணாடிக்குள் புகுந்து பார்த்தன. பார்த்து விரிந்தன.

அம்மா.

வலது கையில், சோற்றுக் கரண்டியை வைத்துவிட்டு எடுத்திருந்த சாம்பார் கரண்டி. அந்தக் கை தன் வேலையை விடவில்லை. நான் நகர்ந்திருப்பேன், அடுத்த தட்டு வந்திருக்கும் என்ற கணக்கில் அது பாட்டுக்கு ஊற்றியது. தட்டில் அல்ல, எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மார்க்குஸின் வெள்ளைச் சட்டையில். முருங்கைக்காய் ஒன்று அவர் அடையாள அட்டைமேல் வந்து உட்கார்ந்தது. மனிதர் ஜெர்மன் மொழியில் ஏதோ கத்தினார். (என்ன வார்த்தை என்று கேட்காதீர்கள், அது வகுப்பில் சொல்லிக்கொடுப்பதில்லை.)

"ஐயோ ஏசப்பா! ஏண்டி ஸ்டெல்லா! பனி கொட்டுது, காலு வெக்க முடியலன்னியேடி!"

இந்த இடத்தில் ஒரு தணிக்கை அதிகாரி செய்ய வேண்டியது என்னவென்று எந்தப் பயிற்சியிலும் சொல்லவில்லை. என் வாய் தானாகத் திறந்தது. நாலு வருஷக் குளிரெல்லாம் ஒரு நொடியில் உருகி ஓடிவிட்டது.

"நீ இன்னா இங்க பண்ற? வூட்ல துணி மடிச்சிகினு கீறேன்னு சொன்னியேம்மா!"

கேன்டீனில் அத்தனை தட்டுச் சத்தமும் நின்றது. பக்கத்து மேசையில் சுடலையின் வாயருகே போன சோற்று உருண்டை அங்கேயே நின்றது. தினேஷ் மெதுவாகத் தலையில் கை வைத்து, "மச்சி, தமிழ்டா" என்றான்.

மார்க்குஸ் முருங்கைக்காயைக் கையில் பிடித்துக்கொண்டு, "யார் இவர்?" என்று கேட்டார்.

"என் அம்மா."

"வீடு தூரம் என்றாயே?"

நான் பதில் சொல்வதற்குள் அம்மா மாஸ்க்கைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். அவளுக்கு ஒரே பயம், சாம்பாரால் என் வேலை போய்விடும் என்று. "சார், பொண்ண ஒண்ணும் பண்ணிடாதீங்க சார். நல்லா வேலை செய்வா சார். பொய்யி மட்டும் கொஞ்சம் சொல்லுவா."

"என்ன சொல்கிறார்?" என்றார் மார்க்குஸ்.

"நான் நன்றாக வேலை செய்வேன் என்கிறார்."

நான் அதோடு நிறுத்திக்கொண்டது பிரபாகருக்குப் பொறுக்கவில்லை. நல்ல மனுஷன், உதவி செய்ய வேண்டும் என்ற ஆசை. முன்னால் வந்து பணிவாக ஆங்கிலத்தில் முடித்து வைத்தார்: "அண்ட் ஆல்ஸோ, சார், ஷீ டெல்ஸ் லைஸ். லிட்டில் பிட்."

நேர்மையாகத் தணிக்கை செய்ய வந்தவளைப் பற்றி, அவளைப் பெற்றவள் கொடுத்த வாக்குமூலம். மார்க்குஸ் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், தன் சட்டையைப் பார்த்தார். என் விசா கண்முன்னால் சாம்பாரில் மிதந்தது. பிறகு அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று நினைத்தேன். சிரிப்பு. நிற்கவே முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகுதான் கேன்டீனுக்கே மூச்சு வந்தது.

பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பின்னால் அம்மாவை இழுத்துக்கொண்டு போனேன். "எத்தினி நாளா இது? நான்தான் பணம் அனுப்பறேனே, எதுக்கும்மா வேலைக்கு வர?"

"இத்த சொல்லுவன்னுதான் சொல்லல. உங்கப்பா பஸ் எட்துகினு போயிட்றாரு. நீ அங்க. வூட்ல நான் யாருக்குச் சோறு ஆக்கறது? ரெண்டு பேருக்கு ஆக்கக் கையே வர மாட்டேங்குதுடி. தெனம் மீந்து போவுது. இங்க பாரு, புள்ளைங்க வரிசைல நின்னு துன்னுது." மூக்கை உறிஞ்சினாள். "நீ வேளைக்குத் துன்னியா இல்லியான்னு தெரியல. இதுங்களாவது துன்னட்டும்."

அதற்கு நான் கோபப்பட்டிருக்கலாம். முடியவில்லை. எனக்குள்ளும் ஏதோ உடைந்து, சொல்லவே கூடாது என்று வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. "அம்மா, நான் படிக்கசொல்ல லைப்ரரில வேலை செஞ்சேன்னு சொன்னேன் இல்ல? லைப்ரரி இல்லம்மா. ஒரு ஓட்டல்ல தட்டு கழுவினேன். ரெண்டு வருஷம்."

அம்மா அழப் போகிறாள் என்று கட்டிப்பிடிக்கத் தயாரானேன். அவள் கவிழ்த்து வைத்திருந்த அண்டாமேல் பொத்தென்று உட்கார்ந்தாள். சாம்பார் வரிசையில் என்னைப் பார்த்தபோதுகூட அவ்வளவு அதிர்ச்சி இல்லை அந்த முகத்தில்.

"நீயா? வூட்ல துன்ன தட்டையே எட்துப் போட மாட்டியேடி! ரெண்டு வருஷமா?"

நியாயமான கேள்விதான்.

"உங்கப்பாவுக்கு நீ வர்றது தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும். நீ இங்க வேலை செய்றது அவருக்குத் தெரியுமா?"

"அவருதான் தெனம் பஸ்ல இட்டுகினு வராரு."

இருவரும் ஒரே சமயத்தில் போனை எடுத்தோம். ஸ்பீக்கரில் அப்பா கொஞ்சமும் பதறவில்லை. "நீ சொல்லாதன்ன, அவளும் சொல்லாதன்னா. ரெண்டு பேர் பேச்சையும் கேட்டேன். ஒரகடத்துல எத்தினி கம்பெனி கீது! கரீக்டா அங்கயே வந்து நிப்பியா நீ?"

சாப்பாட்டுக்குப் பிறகு லைனுக்குப் போனேன். பூனை செத்துப் போயிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் சுடலையே வந்து ரேக்கை நகர்த்தினான். "அக்கா, நீங்க எப்பிடியும் கேட்டுட்டிய. ரிஜெக்ட் போடுற சிவப்புப் பெட்டி நெறஞ்சு போச்சு, வேற எடம் இல்லன்னுதான் இங்க வச்சோம். பாத்துக்கிடுங்க." வேற்றூரிலிருந்து வந்து வாடகை அறையில் தங்கி வேலை செய்கிற பையன். கண்ணில் பயம் அப்படியே தெரிந்தது. வேலை போய்விடுமோ என்ற அந்தப் பயம் எனக்கும் தெரியும், எனக்கும் சோதனைக் காலம்தானே. பெட்டி போதவில்லை, நிர்வாகம் கூடுதல் பெட்டி தர வேண்டும் என்று எழுதினேன். உண்மையும் அதுதான். பிரபாகர் மறுநாளே வாங்கி வைத்தார். சுடலைக்கும் ஒன்றும் ஆகவில்லை, எனக்கும் வேலை நிரந்தரமானது. மார்க்குஸ் மட்டும் இன்றுவரை எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் வாசலில் நின்று, "உள்ளே உன் சொந்தக்காரர் யாராவது?" என்று கேட்டுவிட்டுத்தான் காலை எடுத்து வைப்பார். சீனாவிலும் கேட்டார்.

அந்தச் சனிக்கிழமை மார்க்குஸ் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். (மாலையும் சால்வையும் உண்டு. பேண்டு வாத்தியத்தை அப்பா தடுத்துவிட்டார்.) சாப்பிட்டு முடித்ததும் அவர் ஊர் வழக்கப்படி தன் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு சமையற்கட்டுக்குப் போனார். அம்மா பதறிப் பிடுங்கி, கூடத்தில் அத்தை, மாமா, தெருக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் அதை என் கையில் வைத்தாள்.

"நீங்க வையுங்க சார். இவ ரெண்டு வருஷம் அங்க இதுக்குத்தான் படிச்சா."

அதோடு முடிந்தது என் மானம். இப்போது லீவில் ஊருக்கு வந்தால், எங்கள் சொந்தத்தில் ஞானஸ்நானம், நிச்சயதார்த்தம், கிரகப்பிரவேசம் எது நடந்தாலும் கழுவச் சொல்லிப் பிரியாணி அண்டா என் முன்னால் உருண்டு வரும். கல்யாணமாகி வந்த புது மருமகள் யாராவது பாவம் பார்த்துக் கை கொடுக்க வந்தால் அத்தை விடமாட்டாள்.

"நீ இன்னாத்துக்கும்மா? உனுக்கு சரியா வராது. அது ஜெர்மனில படிச்ச கை."