புது மெத்தையைப் பார்த்து நாங்கள் ஓடிவந்த காரணம்

பாப்பிரெட்டிப்பட்டி,
ஞாயிறு மாலை.

பாசமும் கோபமும் சரிபாதி கொண்ட என் அக்கா சசிகலாவுக்கு,

தம்பி மாதவராஜ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் கலைமணியும் உன் மருமகள் வெண்மதியும் சுகம். கம்பைநல்லூரில் நீயும் மாமாவும் உங்கள் புது வீடும், அதிலுள்ள புது மெத்தையும் சுகமாக இருக்க வேண்டுகிறோம். மெத்தையை ஏன் தனியாக விசாரிக்கிறேன் என்பது போகப்போகத் தெரியும். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மாட்டுக்குத் தவிடு கலக்குகிற ஆள். இது ஊருக்குக் கேட்கிற விஷயம் அல்ல.

பால் காய்ச்சிய அன்று ராத்திரி தங்காமல் கடைசி பஸ்ஸைப் பிடித்து நாங்கள் ஓடிவந்ததற்கு, "அவனுக்கு என் வூட்டுல படுத்தா உடம்பு அரிக்குதா?" என்று நீ கேட்டதாக அறிந்தேன். அப்படியெல்லாம் இல்லை அக்கா. வெண்மதி ஆறாம் வகுப்புக்கு வந்தும் தூக்கத்தில் படுக்கை நனைகிறது. உன் மெத்தைமேல பாலித்தீன் கவர் இருந்த வரைக்கும் எனக்குத் தைரியமாத்தான் இருந்துச்சு. "இன்னைக்குப் புள்ளைங்க படுக்கட்டும்"னு நீ அதைப் பிரிக்க ஆரம்பிச்சே பாரு, அப்பத்தான் "பஸ்ஸுக்கு நேரமாச்சு"ன்னு எந்திரிச்சேன். புள்ளை மூஞ்சி செத்துப்போச்சு.

நான் சும்மா இருக்கல. சாயங்காலத்துக்கு மேல தண்ணியே குடுக்காதேன்னு ஒருத்தர் சொன்னாரு, நிறுத்தினோம். அது தூங்கறப்ப "தண்ணி, தண்ணி"ன்னு புலம்புச்சு, படுக்கையும் நனைஞ்சுது. தாயத்து கட்டினோம்; தாயத்தும் நனைஞ்சுது. நான் மோட்டார் காயில் கட்டறவன், என் புத்தி எங்க போவும்? மாடித் தொட்டி நிரம்பினா கத்துமே ஒரு அலாரம், பேட்டரியில ஓடறது, அதோட ஒயரைக் கொண்டாந்து பெட்ஷீட்டுக்கு அடியில வெச்சேன். ஈரம் பட்டா சத்தம் வரும், புள்ளை முழிச்சுக்கும்னு கணக்கு. விடியக்கருக்கல்ல அது ஒரு பொம்பளைக் குரல்ல, "தொட்டி நிரம்பிவிட்டது, தயவுசெய்து மோட்டாரை நிறுத்தவும்"னு தெருவுக்கே கேக்கற மாதிரி கத்துச்சு. பக்கத்து வூட்டு மெஹ்ஜபீன் அக்கா ஓடிப்போய் அவங்க மோட்டாரை நிறுத்தினாங்க. எதிர் வூட்டுக்காரரு மாடி ஏறிட்டாரு. கலைமணி என் மேலயே விழுந்து எந்திரிச்சா. வெண்மதி மட்டும் அசையல.

காலையில வெண்மதி என்கிட்ட வந்து நின்னுச்சு. "அப்பா, நான் வேணும்னேவா பண்றேன்? எனக்குத் தெரியவே மாட்டேங்குதுப்பா. நீங்க என்னைய மோட்டாரு மாதிரி ரிப்பேர் பண்றீங்க"ன்னு சொல்லிட்டு, கண்ணுல தண்ணி முட்ட ஸ்கூல் பையை மாட்டிக்கிட்டுப் போயிடுச்சு. அன்னைக்குக் கடையில நான் ஒரு காயில்கூடச் சரியாக் கட்டல அக்கா.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அந்த டாக்டரம்மா என்னையும் கலைமணியையும் பாக்கவேயில்ல, புள்ளைகிட்டயே கேட்டாங்க: "ஸ்கூல்ல தண்ணி குடிப்பியா?" "மாட்டேன் மேடம், அங்க பாத்ரூம் நாறும்." "அப்ப எப்ப குடிப்பே?" "வூட்டுக்கு வந்து சொம்பு சொம்பாக் குடிப்பேன்." வெளிக்குப் போவறதையும் அடக்கி அடக்கி வெச்சிருக்கு. பெத்தவங்க எங்களுக்கு இது ஒண்ணும் தெரியல. ஒண்ணுக்கு டெஸ்ட்டுல ஒரு கோளாறும் இல்ல. "சில புள்ளைங்களுக்கு இது தாமசமாத்தான் சரியாகும், யாரு தப்பும் இல்ல. திட்டக் கூடாது, கேலி பண்ணக் கூடாது"ன்னாங்க. பகல்ல தண்ணி குடிக்கணும், படுக்கறதுக்கு முன்னாடி பாத்ரூம் போவணும், கீரை, பழம் சாப்பிடணும். அவ்வளவுதான். அலாரத்தைப் பத்தி நான் பெருமையாச் சொன்னேன். "இதுக்குன்னே சின்னதா இருக்குங்க, தேவைப்பட்டா நானே சொல்றேன். அந்த அலாரத்தை முதல்ல தொட்டிக்கே மாட்டுங்க"ன்னாங்க. புள்ளை ரொம்ப நாள் கழிச்சு விழுந்து விழுந்து சிரிச்சுச்சு.

கலைமணி ஸ்கூல் டீச்சர்கிட்ட பேசி, டீச்சர் பாத்ரூம் சாவியை வாங்கிக் குடுத்திருக்கா. இப்பப் பாதிக்கு மேல காஞ்ச காலைதான் அக்கா. நனைஞ்ச அன்னைக்கு அதுவே பெட்ஷீட்டை உருவி மெஷின்ல போட்டுட்டு, "காஞ்ச காலைக்கு இன்னைக்கு லீவு"ன்னு சொல்லிட்டுப் பல்லு விளக்கப் போயிடுது. நாங்க வேற ஷீட்டை எடுத்து விரிக்கிறதோட சரி.

ஆகவே ஆயுத பூஜை லீவுக்கு நாங்கள் மூவரும் வந்து தங்குவதாக உத்தேசம். ரப்பர் ஷீட், மாத்துத் துணி எல்லாம் என் பொறுப்பு. யார் காதுக்கும் போகாமல் நீ மட்டும் மனசில் வைத்துக்கொள். மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் கிணற்றில் தண்ணீரும் மாட்டில் பாலும் குறையாதிருக்கட்டும்.

உன் தம்பி,
மாதவராஜ்

பி.கு: கவரை ஒட்டும்போது வெண்மதி வந்து பிடுங்கிப் படித்துவிட்டது. "என் விஷயத்தை என்னைக் கேக்காம எழுதலாமா?" என்று ஒரே சண்டை. பால் காய்ச்சின மறு வாரமே உனக்குப் போன் பண்ணி அதுவே எல்லாம் சொல்லிவிட்டதாம். நீயும் மெத்தைக்கு ஜிப் வைத்த உறை தைத்து முடித்துவிட்டாயாம். லீவுக்கு அது மட்டும்தான் வருகிறதாம். நாங்கள் வந்தால் விடிய விடிய எழுந்து எழுந்து பார்த்து அதன் தூக்கத்தைக் கெடுப்போமாம். பஸ் ஏற்றிவிட மட்டும் எனக்கு அனுமதி.