வீட்டுக்காரர் யாரென்று தெரியக்கூடாது

1991 ஓகஸ்ட் 19, திங்கட்கிழமை, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் பொலிஸார் வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்கள். தங்கியிருக்கும் எல்லோருடைய பெயரையும் வீட்டுக்காரர் எழுதிக் கையெழுத்திட்டு, ஞாயிறு பின்னேரம் திருப்பிக் கொடுக்க வேண்டும். படிவத்தில் பெயர் இல்லாதவரை அடுத்த சோதனையில் ஜீப்பில் ஏற்றுவார்கள்.

அதே ஞாயிறுதான் நாகேந்திரத்தின் சிறுகதை வாரப் பத்திரிகையில் வரவிருந்தது. பதினொரு வருடம் அனுப்பி, முதன்முதலாக ஏற்கப்பட்ட கதை. காலை ஏழு மணிக்கே தண்ணீர்க் குழாயைப் பூட்டிவிடும் ஒரு வீட்டுக்காரரையும், அவரிடம் அறை எடுத்துத் துன்பப்படும் ஒரு கிளாக்கரையும் பற்றியது. நாகேந்திரம் கிளாக்கர். அந்த ஒழுங்கையில் அவருக்கு அறை கொடுத்த வீட்டுக்காரர் சிவபாதசுந்தரம் குழாயைப் பூட்டுபவர். அந்தப் பத்திரிகையை விடாமல் வாங்குபவரும்கூட.

செவ்வாய்க்கிழமை நாகேந்திரம் அரைநாள் லீவு போட்டுக் கொட்டாஞ்சேனையில் இருந்த பத்திரிகை அச்சகத்துக்குப் போனார். கதையில் வீட்டுக்காரரின் பெயர் 'சபாரத்தினம்' என்று வந்த இடமெல்லாம் 'வீட்டுக்காரர்' என்று மாற்றிக் கொடுத்தார்.

அச்சுக் கோக்கும் ஹியூபேட் வாசித்துப் பார்த்தார்.

"பேரை எடுத்திட்டீங்க சேர். ஆனா ஆள் இன்னும் யாழ்ப்பாணம்தான்."

"எப்பிடி?"

"பனங்கட்டியைக் கடிச்சுக் கடிச்சு பிளேன்டீ குடிக்கிறாரே. கொட்டாஞ்சேனையில யாரும் அப்பிடிக் குடிக்க நான் கண்டதில்ல."

நாகேந்திரம் பனங்கட்டியை வெட்டினார். அந்த இடத்தில் முஸ்லிம் வீடுகளில் செய்யும் வட்டிலப்பத்தை வைத்தார். கொடியில் ஒரு வெள்ளைத் தொப்பியையும் காயப்போட்டார்.

புதன்கிழமை கந்தோரில் பக்கத்து மேசை அலவியிடம் காட்டினார். அலவி கொம்பனித்தெருக்காரர்.

"மச்சான், இது எங்கட சாச்சாதானே! நாலு அறையை வாடகைக்கு விட்டு ஈக்கிறார்."

"சத்தியமா உன்ரை சாச்சாவை எனக்குத் தெரியாதடாப்பா."

"தெரியாமலா தொப்பியைக் காயப்போட்ட? சாச்சா கஞ்சன்தான், இல்லண்டு சொல்லல்ல. ஆனா குழாயைப் பூட்டினா தொழுகைக்கு ஒளு எடுக்கிறது எப்பிடி? தண்ணியில அவர் கஞ்சத்தனம் பண்ணினதில்ல. இத வாசிச்சா நேரா கந்தோருக்கே வருவார்."

வியாழக்கிழமை நாகேந்திரம் வீட்டுக்காரருக்குக் காற்சட்டை போட்டுவிட்டார். முள்ளுக்கரண்டியால் முட்டை சாப்பிடவும் நாயோடு இங்கிலீஷில் கதைக்கவும் வைத்தார்.

பத்திரிகை ஆசிரியர் நவரத்தினம் அதை வாசித்தார். எழுந்து அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தார்.

"உமக்கு என்னோட ஏதும் கோவமே?"

"ஏன் ஐயா?"

"ஹெவ்லொக் டவுனில இருக்கிற எங்கட முதலாளியை எதுக்கு எழுதினீர்? அந்த நாயை எனக்குத் தெரியும். போன மாதம் என்னைக் கடிச்சது."

"அப்ப இவரைச் சிங்கள ஆளாக்கட்டோ?"

"ஆக்கும். பிறகு தணிக்கைக்காரருக்கு நீர்தான் போய் விளக்கம் சொல்லோணும்."

வெள்ளிக்கிழமை நாகேந்திரம் எல்லாவற்றையும் வெட்டினார். தேநீர் போனது, சாப்பாடு போனது, நாய் போனது, காற்சட்டையும் போனது. வீட்டுக்காரர் வாய் திறந்தால் ஊர் தெரிந்துவிடும் என்று அவருடைய பேச்சையும் எடுத்துவிட்டார்.

"இப்ப மனுசன் உடுப்பில்லாம நிக்கிறார், சேர்," என்றார் ஹியூபேட். "ஒரு சாரமாவது கட்டி விடுவமா?"

"சாரம் கட்டினா ஒரு ஆள், வேட்டி கட்டினா வேறை ஆள். ஒண்டும் வேண்டாம். கையில குழாய்ப் பூட்டின்ரை திறப்பு மட்டும் இருக்கட்டும்."

"மற்ற ஆளு? அந்தக் கிளாக்கர்?"

"அவனுக்கென்ன, அவன் சாதாரண மனிசன்தானே. அவனில கை வைக்க வேண்டாம்."

"அப்ப ஒங்கட பேரு?"

அதை எடுக்க நாகேந்திரத்துக்கு மனம் வரவில்லை. தலைப்புக்குக் கீழே தடித்த எழுத்தில் போடச் சொன்னார்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வீட்டுக்காரரின் மனைவி கனகேஸ்வரி பத்திரிகையோடு அறை வாசலுக்கு வந்தார்.

"தம்பி, கதை வாசிச்சனாங்கள்."

"எப்பிடி அக்கா?"

"இவர் சத்தமா வாசிக்க நானும் பிள்ளைகளும் இருந்து கேட்டனாங்கள். அந்த வீட்டுக்காரர் ஆரெண்டு கடைசிமட்டும் பிடிபடேல்லை. ஆரோ பாவம், நல்ல மனிசன் எண்டு இவர் சொன்னார்."

நாகேந்திரம் அந்தக் கிழமையில் முதல் தடவையாகச் சிரித்தார்.

"அது கற்பனைதான் அக்கா. ஒருத்தரையும் குறிச்சு எழுதேல்லை."

"ஓம், ஓம். ஆனா அறையில சமைக்கக் கூடாதெண்டு சொல்லியும் கட்டிலுக்குக் கீழை ஹீட்டரை ஒளிச்சு வைச்சு, முட்டை பொரியிற சத்தம் மேலை கேளாமல் ரேடியோவைக் கூட்டி விடுறானே ஒரு கிளாக்கர், அவனை இவர் முதல் பந்தியிலேயே பிடிச்சிட்டார்."

அன்று பின்னேரம் சிவபாதசுந்தரம் பொலிஸ் படிவத்தில் கையெழுத்திட்டார். அதில் நான்கு பெயர்கள் இருந்தன: அவர், மனைவி, இரண்டு மகள்மார்.