பத்து நட்சத்திரக் காவல்

இரகசியம் காப்பதில் பராகுவே நாட்டுக்கே வழிகாட்டி எங்கள் கண் வங்கி. அதன் கணினிப் பிரிவுத் தலைவன் நான். இதை நானே சொல்வது அழகில்லைதான். வேறு யாரும் சொல்ல முன்வராததால் சொல்ல வேண்டியிருக்கிறது.

கருவிழிக்காகக் காத்திருப்பவர்களின் தொலைபேசி எண்கள் திருடுபோகக் கூடாதென்று 'எண் மறைப்புத் திட்டம்' கண்டேன். ஊழியர்கள் திரையைத் திறந்தால் எண் இருக்குமிடத்தில் பத்து நட்சத்திரக் குறிகள் மட்டுமே தெரியும். கண் வந்ததும் நோயாளியை அழைக்கும் ரமிரோவுக்கு மட்டும் உண்மையான எண் காட்டப்படும்.

திட்டத்துக்கு ஒப்புதல் தரும் கூட்டம் காலையில் தெரேரே என்ற குளிர்ந்த மூலிகைத் தேநீரை ஒரே கோப்பையில் மாற்றி மாற்றிக் குடிக்கும் சுற்றிலேயே நடந்தது. கோப்பை ஆள் மாறி ஆள் போய்க்கொண்டிருந்தது. இருபது வருடமாக முன் கவுண்டரில் நோயாளிகளின் விவரங்களைப் பதியும் ரொசால்பா கையில் அது இருந்தபோது வாய் திறந்தார்.

"இன்ஜினியர், ஒரு சந்தேகம். நான் விலாசத்த மட்டும் திருத்திட்டு சேமிக்கிறேன்னு வைங்க. அந்த நட்சத்திரமும் சேர்ந்து உள்ள போயி..."

"ரொசால்பா, அது கோப்பை, மைக் இல்ல. குடிச்சிட்டுக் கைமாத்துங்க" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். கோப்பையைப் பிடித்துக்கொண்டு பேசுவது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. அவர் உறிஞ்சி முடிப்பதற்குள் தீர்மானம் நிறைவேறி, எனக்குப் பாராட்டுப் பலகையும் முடிவாகிவிட்டது.

எட்டு மாதமாகக் கண்ணுக்குக் காத்திருந்த தையல்காரி டோன்யா எவாஞ்சலீனா, போன திங்கட்கிழமை சுவரைத் தடவிக்கொண்டே என் அறைக்கு வந்தார்.

"வீடு மாறினேன்னு விலாசத்த திருத்திட்டுப் போனேன் தம்பி. அதுக்கப்புறம் ஒரு தகவலும் இல்லையே?"

திரையில் அவருடைய பதிவைப் பார்த்தேன். "போன மாசம் உங்களுக்குக் கண் வந்துச்சும்மா. கூப்பிட்டோம், நீங்க எடுக்கலைன்னு எழுதியிருக்கு."

"போன் மடியிலதான் கிடக்கு. அடிக்கவே இல்லையே."

ரமிரோவைக் கூப்பிட்டேன்.

"எண் இருக்கிற இடத்துல பத்து நட்சத்திரம் இருந்துச்சு, இன்ஜினியர். போன்ல நட்சத்திரத்த பத்து தடவ அமுக்கினேன். யாரும் எடுக்கல. அடுத்தவருக்குக் கொடுத்துட்டோம்."

விலாசத்தோடு நட்சத்திரங்களும் சேமிக்கப்பட்டு, உண்மையான எண்ணை அழித்திருந்தன. 'நட்சத்திரம் திரும்பி வந்தால் பழைய எண்ணைத் தொடாதே' என்று நிரலில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அப்போதே எழுதினேன், நான்கு நிமிடம் ஆனது. வாசலில் ரொசால்பா கையில் கோப்பையோடு நின்றார். மரியாதை தெரிந்தவர், ஒன்றும் பேசவில்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஆனாலும் தலைவனல்லவா, தொண்டையைச் செருமிக்கொண்டு எவாஞ்சலீனாவுக்கு விளக்கம் தந்தேன்.

"உங்க நம்பர் திருடன் கையில சிக்கிடக் கூடாதுன்னுதாம்மா இவ்வளவு காவல்..."

அவர் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"சிக்கியிருக்கலாம் தம்பி. அவன் ஒரு தடவையாவது கூப்பிட்டிருப்பான்."