சம்பந்தியின் கடைவாய்ப் பல்

பல் சரியாகிவிட்டது. அதுதான் பிரச்சினை.

பல் டாக்டர் சின்னக் கண்ணாடியைக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் சாய்த்துப் பிடித்து இன்னொரு தடவை பார்த்தார். கருவியின் பின்பக்கத்தால் பல்லை லேசாகத் தட்டினார். நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்த டயர்க்கடைக்காரர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. சீழ் இல்லை, வீக்கம் இல்லை. வேர்களை உள்ளே சுத்தம் செய்து, மருந்து வைத்து, அடைத்தும் ஆயிற்று. மேலே நிரந்தரமாக ஒரு பூச்சு பூசினால் மனிதர் எழுந்து, வாயைக் கொப்பளித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

அப்படிப் போய்விட்டால் டாக்டருடைய மகளின் கல்யாணம் நடக்குமா என்பது சந்தேகம்.

“இன்னும் ஒரு தடவை பாத்துடலாம்,” என்றார் டாக்டர்.

எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்த உதவியாளர் பெண் அவரை நிமிர்ந்து பார்த்தாள். டாக்டர் அவளைப் பார்க்கவில்லை. நிரந்தரப் பூச்சுக்குப் பதில் தற்காலிகப் பூச்சை எடுத்து உருட்டினார். அது வெள்ளை மாவு மாதிரி இருக்கும். எச்சில் பட்டதும் கொஞ்சம் உப்பி, இடுக்கையெல்லாம் அடைத்துக்கொண்டு இறுகும். மறுபடி வேண்டுமென்றால் சுரண்டி எடுத்துவிடலாம். அந்தக் கடைசிக் குணம்தான் டாக்டருக்கு அன்றைக்கு மிகவும் பிடித்திருந்தது.

டாக்டரின் மகளும் டயர்க்கடைக்காரரின் மகனும் கல்யாணம் செய்துகொள்வதென்று தீர்மானித்து, இரண்டு குடும்பமும் டாக்டர் வீட்டில் சந்தித்தபோது, தேநீர் ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வரும் வழியில் ரோடு மோசம் என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான். ரோடு, ஆஸ்பத்திரி, தண்ணீர் மூன்றையும் அரசாங்கம்தான் நடத்த வேண்டும் என்ற கட்சி டாக்டருடையது. அரசாங்கம் தொட்டது எதுவும் உருப்பட்டதில்லை என்ற கட்சி டயர்க்கடைக்காரருடையது.

“ரோடு நல்லா ஆயிட்டா உங்க டயர் யாருக்கு வேணும்? அதுக்குத்தானே உங்க கட்சி?” என்று டாக்டர் கேட்டார்.

“எல்லாருக்கும் பல்லு நல்லா இருந்தா நீங்க யார் வாயைப் பாத்துட்டு உக்காந்திருப்பீங்க?” என்று டயர்க்கடைக்காரர் கேட்டார்.

வந்தவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு போன பிறகு மகள் தேநீர்க் கோப்பைகளை அடுக்கினாள். அடுக்கிய சத்தமே சரியில்லை.

“அப்பா, அவர்கிட்ட ஒரு கேள்வியாவது கேட்டீங்களா?”

“நிறையக் கேட்டேனேம்மா.”

“அதெல்லாம் கேள்வி இல்லப்பா. கேள்விக்குறி போட்ட குத்து.”

டாக்டருக்கு இது உறைத்தது. ஆனால் மறுபடி கேட்பதற்கு ஆள் வேண்டுமே. அந்த ஆளின் கடைவாய்ப் பல்லே அவரைக் கொண்டுவந்து சேர்த்தது. ஒரு விடுமுறை நாளில் கன்னம் பன்னு மாதிரி வீங்கி, வேறு எந்தப் பல் டாக்டரும் கதவைத் திறக்காததால், மனைவி முன்னால் நடக்க, டயர்க்கடைக்காரர் பின்னால் வந்தார். டயர்களையெல்லாம் தூக்கிப் போடுகிற மனிதர், ஊசியைப் பார்த்ததும் நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஊசி போட்டதும் வேலையை ஆரம்பிக்க முடியாது. மருந்து எலும்புக்குள் ஊறி நரம்பை எட்ட வேண்டும். உதடு தடித்துப்போன மாதிரி ஆகும்வரை டாக்டர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். நோயாளிக்கு வாய் இன்னும் சொந்தம். அந்த இடைவெளியில், மௌனம் தாங்காமல், டாக்டர் கேட்டார்:

“ரோடு வேலையைத் தனியார்கிட்ட விட்டா நல்லதுன்னு சொன்னீங்களே. எதனால அப்படித் தோணுச்சு?”

டயர்க்கடைக்காரர் அவரைச் சந்தேகமாகப் பார்த்தார். குத்து எங்கிருந்து வரும் என்று தேடின மாதிரி இருந்தது. வரவில்லை என்றதும் சொன்னார். அவர் கடைக்கு முன்னால் குழாய்க்காரர்கள் தோண்டினார்களாம். அவர்கள் மூடிப் போனதும் சாக்கடைக்காரர்கள் தோண்டினார்கள், அதற்கப்புறம் கம்பி போடுகிறவர்கள். மூன்றும் அரசாங்க ஆபீஸ்தான். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

“மூடாம விட்ட குழியில விழுந்து எங்கம்மாவுக்கு இடுப்பு போச்சு. அப்புறம் எழுந்திருக்கவே இல்ல. நீங்க டயர் விக்கிறதுக்குன்னு சொல்லிட்டீங்க.”

டாக்டர் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டார். நல்லவேளையாக உதடு மரத்துவிட்டது.

இப்போது வாய் திறந்தாயிற்று. உள்ளே கண்ணாடி, பஞ்சு, குழாய், டாக்டரின் இரண்டு விரல்கள். பேசும் உரிமை கை மாறியது. டாக்டர் வேரைச் சுத்தம் செய்துகொண்டே, தான் ஏன் இந்தப் பக்கம் நிற்கிறேன் என்று சொன்னார். காப்பாற்றக்கூடிய பல்லோடு வந்து, வசதியில்லை, பிடுங்கிவிடுங்கள் என்று சொல்கிறவர்கள் தினமும் வருகிறார்கள் என்றார். முன்பல் என்றால் பெண்கள் அழுவார்கள். அப்புறம் சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொள்வார்கள். “நல்ல பல்லைப் பிடுங்குறப்ப கையில ஒரு சத்தம் தெரியும். அது எனக்குப் பிடிக்கல. அவ்வளவுதான் என் அரசியல்.”

டயர்க்கடைக்காரர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் எழுப்பினார். வீட்டில் சொன்ன அதே மறுப்பாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் வாய்க்குள் விரல் இருக்கும்போது அதைச் சொல்ல முடியாது. முழுவதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். வாயைக் கொப்பளித்து முடித்ததும், கோணிப்போன உதட்டால் அவர் கேட்டது வேறு.

“அந்த மாதிரி நிறையப் பேர் வர்றாங்களா?”

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது நிஜமான கேள்வி.

வேர் சிகிச்சைக்கு ஒரு தடவை வந்தால் போதாது. அடுத்த தடவையும் அப்படியே நடந்தது. மருந்து ஊறும்வரை ஒருவர் முறை. வாய் திறந்ததும் மற்றவர் முறை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச முடியாத இடம் உலகத்தில் அந்த நாற்காலி ஒன்றுதான் என்று டாக்டருக்குப் புரிந்தது. கட்சி யாரும் மாறவில்லை. ஆனால் டாக்டர் தன் கட்சிக்காரர்களிடம், மூன்று ஆபீஸும் ஒரே நாளில் ஏன் தோண்டக்கூடாது என்று கேட்க ஆரம்பித்திருந்தார். டயர்க்கடைக்காரர் தன் கடைப் பையன்களின் பற்களை வரிசையாக எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு பேரை டாக்டரிடம் அனுப்பியிருந்தார்.

இந்தச் சமாதானத்தில் பூரித்துப்போன இரண்டு மனைவிமாரும், கல்யாணத் தேதி பேசலாம் என்று ஒரு காபிக் கடையில் எல்லோரையும் உட்கார வைத்தார்கள். நாற்காலிகள் நிமிர்ந்த நாற்காலிகள். இரண்டு வாயும் காலியாக இருந்தன. வண்டி நிறுத்த இடமில்லை என்று பேச்சு ஆரம்பித்தது. காபி வருவதற்குள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள், யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. தேதி பேசவில்லை.

அதனால்தான், பல் சரியான அன்றைக்கு, டாக்டர் அதைச் சொல்லவில்லை.

அடுத்த புதன்கிழமை தற்காலிகப் பூச்சைச் சுரண்டி எடுத்தார், புதிதாக வைத்தார். அதற்கு அடுத்த வாரமும். ஈறில் கொஞ்சம் மருந்து ஜெல்லைத் தடவிவிட்டு, “மரத்துப்போகட்டும்,” என்று முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். டயர்க்கடைக்காரரும் விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பிப்பார்.

அவர் போன பிறகு உதவியாளர் பெண் மெதுவாகக் கேட்டாள். “நரம்பையே எடுத்துட்ட பல்லுக்கு எதுக்கு சார் மரத்துப்போற மருந்து?”

“நரம்பு வேற இடத்துல இருக்கும்மா,” என்றார் டாக்டர்.

ஏன் இவ்வளவு நாள் ஆகிறது என்று டயர்க்கடைக்காரரின் மனைவி ஒரு நாள் கேட்டபோது, டாக்டர் வாயில் வந்ததைச் சொன்னார்: வேர் வளைந்திருக்கிறது. வேர்கள் வளைவது உண்டு. அப்படிப்பட்ட பல்லில் கம்பியை விடுவது சந்து முனையில் லாரியைத் திருப்புகிற மாதிரி என்று கையால் காட்டியும் விளக்கினார். விளக்கம் நன்றாக இருந்தது. அதனால் பரவியது. டயர்க்கடைக்காரரின் அண்ணன், வேர் நேராகட்டும், வாய் சரியானதும் தேதி பேசிக்கொள்ளலாம், அவசரமில்லை என்று சொல்லிவிட்டார். ஒரு பல்லையே முடிக்கத் தெரியாத வீட்டில் பெண் எடுக்கிறோமே என்று அவர் தனியாகச் சொன்னதும் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது. காத்திருக்கும் அறையில் அதைக் கேட்ட ஒரு அம்மா, அப்புறம் வருகிறேன் என்று எழுந்து போனார்.

வீட்டில் வேறு மாதிரி. டாக்டரின் மனைவி விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“அந்தக் குடும்பத்துல எல்லாருக்குமே வேர் வளைஞ்சுதான் இருக்குமா?”

“ஏன்?”

“பிறக்கப்போற பிள்ளைங்களுக்கு வருமேன்னு கேக்கறேன். இப்பவே யோசிச்சுக்கலாம் பாருங்க.”

டாக்டர் அவசரமாக, அது பரம்பரை வியாதி இல்லை என்றார். பிறகு எப்படி வந்தது என்று மனைவி கேட்டார். அதற்கு டாக்டர் ஒரு காரணம் சொன்னார். அந்தக் காரணத்துக்கு மனைவி ஒரு காரணம் கேட்டார். டாக்டர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். மகள் மட்டும் எதுவும் கேட்கவில்லை. கல்யாண மண்டபத்துக்காரர் நாலு தடவை ஃபோன் செய்துவிட்டார், எந்தத் தேதியைச் சொல்லட்டும் என்று மட்டும் காலையில் சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். முகம் வாடியிருந்தது.

டாக்டர் கணக்குப் போட்டுப் பார்த்தார். பல்லை முடித்தால் நேருக்கு நேர் பேச வேண்டும், பேசினால் சண்டை. முடிக்காவிட்டால் தேதி இல்லை. பல்லுக்குள் கம்பி முறிந்து நின்ற மாதிரி, முன்னாலும் போகாது பின்னாலும் வராது.

அன்றைக்குச் சாயங்காலம் உதவியாளர் பெண் கருவிகளைக் கிருமி நீக்கும் கொதிகலனுக்குள் வைத்துக்கொண்டே சொன்னாள். “சார், உங்க சம்பந்தியை எதிர்த்தெருப் பல் டாக்டர் மாடிப்படியில பாத்தேன். கையில எக்ஸ்ரே உறை.”

டாக்டர் கோட்டின் பொத்தான்களை அவிழ்க்க ஆரம்பித்தார். எதிர்த்தெரு டாக்டர் இவரோடு படித்தவர், நல்ல வேலைக்காரர். ஒரு படம் எடுத்தால் போதும். வேர்கள் மூன்றும் குச்சி மாதிரி நேராக நிற்பதும், அடைப்பு அடிவரை இறங்கியிருப்பதும் வெள்ளை வெளேரென்று தெரிந்துவிடும். சம்பந்தி ஏமாற்றுக்காரர் என்று தெரிந்த பிறகு எந்தத் தகப்பன் பெண் எடுப்பான்? உதவியாளர் பெண் மேலே ஏதோ சொல்ல வந்தாள். எப்போது பார்த்தாய் என்றுகூடக் கேட்காமல், டாக்டர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் படியிறங்கிவிட்டார்.

டயர்க்கடைக்கு அவர் போனதே இல்லை. வாசலில் ரோடு மூன்று நிறத்தில் ஒட்டுப்போட்டுக் கிடந்தது. அந்த மூன்றாவது ஒட்டின் விளிம்பில், காலை எடுத்து வைக்கும் முன் அவர் ஒரு கணம் நின்றார். உள்ளே ஒரு இயந்திரத்தில் சக்கரம் ஒன்று சுழன்றுகொண்டிருந்தது. எந்தப் பக்கம் கனம் கூடுதல் என்று அது கண்டுபிடித்துச் சொல்லும். எதிர்ப்பக்கத்தில் ஒரு சின்ன ஈயத் துண்டை ஒட்டினால் சக்கரம் ஆடாமல் ஓடும். வேறு நாளாக இருந்தால் டாக்டர் நின்று அதைப் பற்றி ஆயிரம் கேட்டிருப்பார்.

டயர்க்கடைக்காரர் இல்லை. கல்லாவில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார்.

“வாங்கண்ணா. அவர் டெலிவரிக்குப் போயிருக்கார், வந்துடுவார். உக்காருங்க.”

உட்காரச் சொன்ன இடம் ஒரு பழைய டயர். டாக்டர் அதில் பாதி உள்ளே போய்விட்டார். அந்த நிலையில், முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு நேராக இருக்க, எல்லாவற்றையும் சொன்னார். வேர் வளையவில்லை. பல் எப்போதோ சரியாகிவிட்டது. ஜெல்லுக்கு வேலையே இல்லை. ஒவ்வொரு வாரமும் எடுத்ததும் வைத்ததும் அதே வகைத் தற்காலிகப் பூச்சுதான்.

“ஏமாத்தணும்னு செய்யலம்மா. பல்லு முடிஞ்சுட்டா அவர் வர மாட்டார். வரலைன்னா நாங்க பழையபடி கத்துவோம். அவர் பேசறது...” டாக்டர் வார்த்தையைத் தேடினார். “அவர் பேசறதைக் கேக்கப் பிடிச்சுப்போச்சு. நான் ஒத்துக்கிற விஷயம் ஒண்ணுகூட அதுல இல்ல. ஆனா புதன்கிழமை எப்ப வரும்னு இருக்கு. இந்தத் தப்புக்கு என் பொண்ணைத் தண்டிச்சுடாதீங்க. இப்ப எதிர்த்தெரு டாக்டர்கிட்ட வேற போயிட்டார். அவர் உண்மையைச் சொல்றதுக்கு முன்னால நானே சொல்லிடணும்னு ஓடி வந்தேன்.”

அந்த அம்மா கல்லாவை மூடினார். டாக்டர் டயருக்குள்ளிருந்து எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், தீர்ப்புக்குக் காத்திருந்தார்.

“அவர் அங்க போனது போன மாசம்ண்ணா,” என்றார் அந்த அம்மா. “பல்லு என்னிக்கோ முடிஞ்சுபோச்சுன்னு அந்த டாக்டர் அப்பவே படத்தைக் காட்டிச் சொல்லிட்டார், ‘எனக்கு இது தெரியும்னு சம்பந்திக்குத் தெரிஞ்சா அப்புறம் என்னைக் கூப்பிடவே மாட்டார்’னு இவர்தான் வீட்டுல ஒருத்தரையும் வாயைத் திறக்க விடல.”