விருதுக்கு வைத்த பட்டுப்புடவையை விற்ற விவகாரம்

காஞ்சிபுரம்,
17.9.2002

சூரத் மில்லில் மேஸ்திரியாக இருந்து நம் குடும்பத்துக்கே பேர் வாங்கித் தரும் மாமா திருஞானசம்பந்தம் அவர்களுக்கும், என்னை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்கா காமாட்சிக்கும், பெரிய காஞ்சிபுரத்திலிருந்து பரமசிவம் பணிந்து எழுதுவது. நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல் இருக்க நேற்றுச் சாயங்காலம் ஏகாம்பரநாதர் சன்னதியில் கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். இங்கே என் வீட்டுக்காரி, உங்கள் தங்கச்சி தனபாக்கியம் சுகம். எங்கள் வீட்டில் தங்கி வேலைக்குப் போகும் உங்கள் மகள் கலைவாணியும் சுகம், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாள். என் உடம்பும் சுகம். மனசுதான் கிழிந்து கிடக்கிறது மாமா.

விஷயம் இதுதான். உங்கள் மகள் என்னோடு பேசுவதில்லை. ஒரே கூடம், ஒரே டி.வி., எதிரெதிர் நாற்காலி. ஆனாலும் "அத்தை, சேனலை மாத்தலாமான்னு அங்க கேளுங்க" என்கிறாள். அங்க என்றால் யார் மாமா? நான்! காது குத்தும்போது என் மடியில் உட்கார்ந்து என் தோளைக் கடித்த பெண். தாய்மாமனுக்கு இந்தக் காலத்தில் இவ்வளவுதான் மரியாதையா என்று உங்களைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். நடந்ததை ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

பெங்களூரில் வருஷா வருஷம் டிசைன் மாநாடு என்று ஒன்று நடத்துகிறார்கள். நாற்காலி செய்கிறவன், பாட்டில் மூடி செய்கிறவன், சோப்புக் கவருக்குப் படம் போடுகிறவன் எல்லாரும் ஒரு பெரிய ஓட்டலில் கூடி ஒருத்தரை ஒருத்தர் மெச்சிக்கொள்ளும் இடம். இந்த வருஷம் துணிக்கென்று தனியாக ஒரு விருது. அதற்கு நான் புடவை விற்கிற, அவள் படம் வரைகிற நம் சில்க்ஸ் கம்பெனி சார்பில் கலைவாணி எழுதிப்போட்ட யோசனை தேறி, கடைசிச் சுற்றுக்கு நேரில் வரச் சொல்லிவிட்டார்கள். விருது வாங்கி வந்தால் அவளுக்கென்று தனியாக டிசைன் பிரிவு வைத்துத் தருவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். வாங்காவிட்டால் பழையபடி கம்பெனி காலண்டருக்குப் பூ வரைய வேண்டியதுதான். முதலாளி மகன் சிவராஜ், கலைவாணி, வேன் ஓட்ட தாவீது, மூவரும் புறப்பட்டபோது முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பரமசிவம், நீ இல்லாம இந்தப் பசங்க எப்படிச் சமாளிப்பாங்க" என்று கண்கலங்கினார். மூட்டை தூக்க ஒரு ஆள் வேண்டும் என்றுதான் அனுப்பினார் என்று ஷோரூமில் சிலர் பேசிக்கொள்கிறார்கள். வயிற்றெரிச்சல்.

தாமல் ஏரி தாண்டுவதற்குள் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டோம், அது வேறு விஷயம். பெங்களூரில் இறங்கினால், "வாங்க"ன்னு சொல்ல வாசலில் ஒரு ஆள் கிடையாது. கழுத்தில் ஒரு அட்டையை மாட்டி உள்ளே தள்ளினார்கள். ஐயாயிரம் பேர் கூட்டம். சரி, ஆயிரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் முன் வரிசையில் நடுவில் உட்கார்ந்தேன். மேடையில் ஒருத்தர், மரத்தில் செய்த ஒரே ஒரு நாற்காலியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார். அதன் கால் ஏன் அப்படி இருக்கிறது, முதுகு ஏன் இப்படி இருக்கிறது, அதில் உட்கார்ந்தால் என்ன தோன்றும், உட்காராவிட்டால் என்ன தோன்றும். முடிந்ததும் கேள்வி கேட்கலாம் என்றார்கள். முதல் ஆளாக நான் எழுந்தேன். "ஒன் சேர், ஹவ் மச்?" என்று தெளிவான இங்கிலீஷில் கேட்டேன். விற்பனைக்கு இல்லையாம்! விற்காத சாமானுக்கு எதற்கு மாமா அவ்வளவு பேச்சு? என் கேள்வியில் சபையே அதிர்ந்துவிட்டது. சிரிப்புச் சத்தம் வெளியே வேன் வரைக்கும் கேட்டதாகத் தாவீது சொல்கிறான்.

மத்தியானம் கலைவாணி தன் இடத்தை ஜோடித்தாள். ஜோடித்தாள் என்று சொல்ல வாய் கூசுகிறது. நம் கம்பெனியின் அருமையான பட்டுப் புடவைகளை, அதுவும் அவளே வரைந்து தறியில் ஏற்றிய புத்தம் புது டிசைன்களை, ஒவ்வொன்றாக உதறி, வெள்ளை விரிப்பின் மேல் கசங்க வீசினாள். ஒரு முந்தானை ஸ்டூலில் தொங்குகிறது, ஒன்று தரையில் சுருண்டு கிடக்கிறது, ஊதா நிறப் புடவை ஒன்று பாதி மடிப்பில் வாய் பிளந்து கிடக்கிறது. அதன் மேல் விளக்கு வேறு. பக்கத்தில் 'வேண்டாம் என்ற பிறகு' என்று பெரிதாக எழுதிய அட்டை. இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் விளக்கவில்லை. "மாமா, ஜட்ஜுங்க நாலு மணிக்கு வராங்க. நானும் சிவராஜ் சாரும் சாப்பிட்டு வந்துடறோம். யாரும் தொடாம பாத்துக்கினீங்கன்னா போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இதைக் கவனியுங்கள் மாமா. யாரும் தொடக் கூடாது என்றுதான் சொன்னாள். நானும் ஒருத்தரையும் தொட விடவில்லை. நான் யாரோவா?

எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நிற்பது? ஷோரூமில் ஒருத்தி வந்து உட்கார்ந்து, அலமாரி மொத்தத்தையும் பிரித்துப் போடச் சொல்லி, எல்லாவற்றையும் தோளில் வைத்துக் கண்ணாடி பார்த்து, கடைசியில் "அப்புறம் வரோம்"னு எழுந்து போவாள். அந்தக் குவியலோடு தனியாக உட்கார்ந்திருப்பது நான்தானே? முதலாளி கல்லாவிலிருந்து ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள், அது எதிரிக்கும் வர வேண்டாம். அந்தக் குவியலை அடுத்த கஸ்டமர் பார்ப்பதற்குள் மடித்துவிட வேண்டும் என்பது தொழில் தர்மம். அதைப் போய் விளக்குப் போட்டு ஊருக்குக் காட்டுவதா? கை தானாக இறங்கிவிட்டது. முனை முனையாகப் பிடித்து, முந்தானை வெளியே தெரிய, பார்டர் மேல் பார்டர் உட்கார, மடித்து அடுக்கினேன். அந்த எழுத்து அட்டை வழியில் நின்றது, அதைப் படுக்கப் போட்டு அதன் மேலேயே அடுக்கினேன். கடை மாதிரி ஒரு லட்சணம் வந்தது. லட்சணம் வந்ததும் ஜனமும் வந்தது!

முதலில் வந்தது நரைத்த முடியும் பெரிய பொட்டுமாக ஒரு அம்மா. ஐதராபாத். நம் ஷோரூமுக்கு வரும் தெலுங்குக்காரர்களிடம் பேசிப் பேசி எனக்குத் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு என்பது உங்களுக்குத் தெரியும். "ரண்டம்மா, கூர்ச்சோண்டி" என்று விரிப்பில் உட்கார வைத்தேன். மருமகளுக்குச் சீமந்தமாம். அந்த ஊதாவைப் பிரித்து ஒரு வீசு வீசினேன், அம்மா கண் அதிலேயே ஒட்டிக்கொண்டது. "இது ஒரே பீஸும்மா, இந்த உலகத்தில் இன்னொன்று கிடையாது" என்றேன். எல்லாப் புடவைக்கும் அப்படித்தான் சொல்வோம், ஆனால் இந்தத் தடவை நிஜம். ஒரு பைசா குறைக்காமல் விற்றேன் மாமா! மாநாட்டில் கொடுத்த சணல் பையிலேயே போட்டுக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினேன். அடுத்து நாலு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். அப்போதுதான் கலைவாணி கையில் ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"மாமா... இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க?"

"வியாபாரம்மா. நீ பாட்டுக்குப் போட்டுட்டுப் போயிட்ட, நான்தான் ஒழுங்கு பண்ணேன்."

"ஐயோ, அது கலைஞ்சு கிடக்கணும் மாமா! அதான் டிசைனே!"

"கலைஞ்சு கிடக்கறதா? அப்ப ஆடித் தள்ளுபடி அன்னிக்கு நம்ம ஷோரூம்ல வந்து பாரும்மா, ஊரே அள்ளிக்கினு போற அளவுக்கு டிசைன் கிடக்குது."

அவள் சிரிக்கவில்லை. வாடிக்கையாளர்களை எழுப்பி அனுப்பிவிட்டு, சிவராஜும் அவளுமாக எல்லாவற்றையும் திரும்ப உதறினார்கள். நான் மடித்த மடிப்பு மாமா, உதறினால் போகுமா? ஒவ்வொன்றும் கோடு கோடாக விறைத்துக்கொண்டு நின்றது. "ஊதா எங்க மாமா?" என்றாள். "வித்தாச்சும்மா" என்றேன் பெருமையாக. அந்த நேரம் பார்த்து நடுவர்கள் வந்தார்கள். மூன்று பேர். அதில் ஒருத்தர் அந்த ஐதராபாத் அம்மா! அந்த அம்மா கையிலிருந்த ஃபைலில் ஊதாப் புடவையின் போட்டோவைப் பார்த்தது, தன் தோளில் தொங்கிய சணல் பையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. முகம் சுண்ணாம்பாகிவிட்டது. மரியாதை தெரிந்தவன் ஆகையால் நான் எழுந்து நின்று, "ஃபால்ஸ் நம்ம கடையிலேயே தெச்சுத் தரலாம்மா" என்றேன்.

குடுமி வைத்த தலைமை நடுவர் ஒரு சட்டம் பேசினார். போட்டிக்கு வைத்த பொருளை விற்கக் கூடாதாம். வாங்கின நடுவர் மார்க் போடக் கூடாதாம். பட்டியலிலிருந்து கலைவாணி பேரை அடித்துவிட்டார். விருது யாருக்குப் போனது தெரியுமா? கோணிப்பையில் ஜன்னல் திரை தைத்தவனுக்கு! அரிசி மண்டியில் போய் நின்றால் அந்த மாதிரி எத்தனை திரை வேண்டும்? மூன்று நாள் மாநாட்டில் ஒரு சாமானை நிஜமாக விற்றவன் நான் ஒருத்தன். எனக்கு மாலை போட வேண்டாமா மாமா? முதலாளியோ, "விருதும் இல்ல, பிரிவும் இல்ல" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். வரும்போது வேலூரில் டீக்கு நிறுத்தியபோது, அவளுக்குப் பிடித்த பிஸ்கட்டை வாங்கி நீட்டினேன். வாங்கவில்லை. "இனிமே நான் போற எடத்துக்கு நீங்க வராதீங்க மாமா" என்றாள். அதுதான் கடைசியாகப் பேசியது. இப்போது ஆபீஸில் காலண்டருக்குத் தாமரை வரைந்துகொண்டிருக்கிறாள்.

ஆகவே மாமா, பெற்றவர் என்ற முறையில் நீங்கள் உடனே அவளுக்குக் கண்டிப்பாக ஒரு கடிதம் எழுதி, என்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் வைக்க வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொன்னால் சொன்னதுதான்.

அக்காவிடம் ஈரத்தில் நிற்க வேண்டாம் என்று சொல்லவும். உங்கள் இருவர் காலிலும் இங்கிருந்தே விழுந்து எழுந்தேன், ஆசீர்வாதத்தைப் பதில் கடிதத்தில் வைத்து அனுப்பவும்.

என்றும் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட மைத்துனன்,
பரமசிவம்

பி.கு.: சூரத் முகவரியை இங்கிலீஷில்தான் எழுத வேண்டும் என்று தபாலாபீஸில் சொல்லிவிட்டார்கள். நான் எழுதினால் உறை நேபாளம் போய்விடும். வேறு வழியில்லாமல் உறையைக் கலைவாணி முன்னால் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். முகவரி எழுதுவாள் என்று ஓரக்கண்ணால் பார்த்தால், உள்ளே இருப்பதை எடுத்துப் படிக்கிறாள். ஃபால்ஸ் வந்த இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் திரும்பிப் பார்த்தால், கஸ்டமர் எழுந்து போன பிறகு குவியலோடு உட்கார்ந்திருப்பேன் என்று எழுதினேனே, அந்தப் பக்கத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறாள். "ஏன் மாமா, அது எனக்குத் தெரியாதா? டெய்லி பாத்துக்கினுதான இருக்கறேன்? உங்களைப் பாத்துத்தான் மாமா அந்தக் குவியலை டிசைனா வெச்சேன்" என்றாள். "முன்னாடியே சொல்றதுக்கு இன்னாம்மா?" என்றேன். "போறப்ப கிருஷ்ணகிரி வரைக்கும் சொல்லிக்கினு வந்தேன். நீங்க குறட்டை விட்டுக்கினு இருந்தீங்க" என்றாள். நான் ஜன்னல் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன் மாமா. ஆகவே அவளுக்கு ஒன்றும் எழுத வேண்டாம். தபால்தலை ஒட்டியாகிவிட்டது, வீணாகக் கூடாது என்றுதான் இதை அனுப்புகிறேன். வரவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷமும் போட்டிக்குப் போகிறாளாம். நானும் வரலாமாம், ஆனால் அங்கே இருக்கும் வரைக்கும் இரண்டு கையையும் பாக்கெட்டை விட்டு எடுக்கக் கூடாதாம். வேட்டிக்கு ஏது மாமா பாக்கெட்? நாளைக் காலையில் டெய்லரிடம் போய்ப் பேண்டுக்கு அளவு கொடுக்கப் போகிறேன். பாக்கெட்டை மட்டும் முழங்கை வரைக்கும் ஆழமாக வைக்கச் சொல்ல வேண்டும்.