பூமி இழுக்குது மாமா

வாயை மூடிக்கொண்டு கேசரியைத் தின்றிருந்தால் அன்றைக்கே தேதி குறித்திருப்பார்கள். பேச்சிமுத்துவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பெண்ணின் அப்பா மலையாண்டி ஒரு மரியாதைக்கு, "காலேஜுல புதுசா என்ன சங்கதி தம்பி?" என்று கேட்டுவிட்டார். மதுரைக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் நடத்துகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது?

சங்கதி இருக்கத்தான் செய்தது. இரண்டாயிரத்து நாலாம் வருஷம், ஐப்பசி மாதம். பூமி சுழலும்போது தன்னைச் சுற்றியுள்ள வெளியையும் கொஞ்சம் கூடவே இழுத்துக்கொண்டு போகும் என்பது ஐன்ஸ்டீன் கொள்கையிலிருந்து பிறந்த கணக்கு. உடம்பெல்லாம் கண்ணாடி பதித்த இரண்டு சாட்டிலைட்டுகள் மேல் தரையிலிருந்து லேசர் அடித்து, வருஷக்கணக்காக அளந்து, அது மெய்தான் என்று அப்போதுதான் சொல்லியிருந்தார்கள். அவற்றின் பாதையே வருஷத்துக்கு இரண்டு மீட்டர் நகர்கிறதாம்.

இதை மாமாவுக்கு எப்படிச் சொல்வது? உசிலம்பட்டிப் பக்கம் 'வெளி' என்றால் காலையில் சொம்பை எடுத்துக்கொண்டு போகிற சமாசாரம். கேசரி தின்கிற நேரத்தில் அது வேண்டாமென்று, பேச்சிமுத்து அதை 'இடம்' என்று மாற்றிக்கொண்டான்.

"பூமி இழுக்குது மாமா. பக்கத்துல இருக்குற இடத்தைக் கொஞ்சங்கொஞ்சமா தன்கூட இழுத்துக்கிருது."

மலையாண்டி கையிலிருந்த பஜ்ஜி வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. "யாரு சொன்னா?"

"சாட்டிலைட்டை வச்சுப் பாத்துட்டாங்க. லேசர் அடிச்சு அளந்திருக்காங்க."

"எம்புட்டாம்?"

"வருசத்துக்கு ரெண்டு மீட்டர்."

"அம்புட்டெல்லாம் இருக்காது!" மலையாண்டி எழுந்தே விட்டார்.

"பதினோரு வருசமா அளந்தது மாமா. தப்பவே தப்பாது."

மலையாண்டி அதற்குமேல் உட்காரவில்லை. "யோசிச்சுச் சொல்லி விடுறோம்" என்று கும்பிடு போட்டுவிட்டார். பெண் முத்துமீனா காபித் தட்டோடு கதவு வரைக்கும் வந்து, அப்படியே திரும்பிப் போனாள்.

டவுன் பஸ்ஸில் அம்மா ராக்கம்மாள் பிடித்துக்கொண்டாள். "பொண்ணு பாக்கப் போன வீட்டுல உலகத்தைப் பத்தி உனக்கு என்னடா பேச்சு? இந்தப் புள்ள இல்லைன்னா, நீ அந்தச் சாட்டிலைட்டுக்குத்தான் தாலி கட்டணும்."

முத்துமீனாவும் பேச்சிமுத்துவும் இதே பஸ்ஸில் பார்த்துப் பழகி, பேசி, வீட்டில் சொல்லி, ஒருவழியாகப் பெண் பார்க்கிற வரைக்கும் கொண்டுவந்திருந்தார்கள். அவள் இல்லாவிட்டால் தனக்குக் கல்யாணமே கிடையாது என்பதில் அவன் தெளிவாக இருந்தான். மாமாதான் நடுவில் நிற்கிறார். ஐன்ஸ்டீனையே ஒரு கை பார்க்கிற மனுஷன்! கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பேசினால் வழிக்கு வருவார் என்று மறுநாள் போன் போட்டான்.

"மாமா, ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். அந்த அளவுல பத்து சதவீதம் முன்னப்பின்ன இருக்கலாம்."

அந்தப் பக்கம் ஒரு நீண்ட மூச்சு. "அப்ப மிச்சம்?"

"மிச்சம் தொண்ணூறும் நிச்சயம் மாமா."

பட்டென்று போனை வைத்துவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் பஸ்ஸில் முத்துமீனா அழாத குறையாகக் கேட்டாள். "எங்கப்பாகிட்ட என்னத்தச் சொல்லித் தொலைச்சீங்க? சரியாச் சாப்பிட மாட்டேங்கிறாரு. கடலைக் காட்டுல போய்த் தரையவே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. திடீர்னு அண்ணாந்து வானத்தைப் பாக்குறாரு. கல்யாணப் பேச்சை எடுத்தா எந்திரிச்சுப் போயிருறாரு."

அடப் பாவமே! மனுஷன் பயந்துபோயிருக்கிறார். காலுக்கடியில் பூமி நழுவிவிடும் என்று நினைத்துவிட்டார் போல. பேச்சிமுத்துவுக்கு மனசு கேட்கவில்லை.

"நான் வந்து பயத்தைத் தெளிய வச்சிடறேன்."

"ஐயோ, நீங்க சும்மா இருந்தாலே போதும்!"

சும்மா இருக்கிற ஆளா அவன்? ஞாயிற்றுக்கிழமை, ஒரு ரப்பர் பந்து முழுக்கக் கண்ணாடிச் சில்லு ஒட்டி, டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய லேசர் லைட்டோடு மலையாண்டியின் காட்டுக்கே போய் நின்றான். பந்தை ஒரு குச்சியில் செருகி வரப்பு மேல் நட்டான். தள்ளி நின்று லைட்டை அடித்தான். பந்தில் சிவப்பாக மின்னியது.

மலையாண்டி கடலைச் செடியையெல்லாம் மிதித்துக்கொண்டு ஓடிவந்தார். "என்ன தம்பி செய்றீக?"

"அந்தச் சாட்டிலைட்டு இப்படித்தான் மாமா. இங்கருந்து அடிச்சா அங்க பட்டுத் திரும்பி வரும். சென்டிமீட்டர் சுத்தமாச் சொல்லிரும்."

மலையாண்டிக்கு வேர்த்துக் கொட்டியது. பேச்சிமுத்து ஆதரவாக அவர் தோளைத் தொட்டான். "பயப்படாதீங்க மாமா. இது இன்னைக்கு நேத்தா நடக்குது? காலங்காலமா நடக்குறதுதான். இத்தனை நாளா அளக்குறதுக்குக் கருவி இல்ல, யாருக்கும் தெரியல. அம்புட்டுதான்."

"வேற யாருக்கும் தெரியுமா?"

"பேப்பர்லயே வந்துருச்சே!"

"பேப்பர்லயா?" மலையாண்டி பக்கத்திலிருந்த வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இங்கிலீஷ் பேப்பர்தான். உங்களுக்கு இன்னும் சந்தேகம்னா, வர்ற வாரம் ஊர்ச் சாவடியில படம் போட்டு எல்லாருக்கும் விளக்கிருவோம். என்ன கேக்கணுமோ ஊர் முன்னாடியே கேளுங்க."

மலையாண்டி பாய்ந்து அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "சாவடியெல்லாம் எதுக்கு மாப்ள? நீங்க சொன்னது அம்புட்டும் சரி. நான் ஒத்துக்கிட்டேன். நம்ம குடும்பத்துக்குள்ளயே இருக்கட்டும். வர்ற முகூர்த்தத்துலயே நிச்சயம் பண்ணிருவோம்!"

மாப்ள! பேச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே நாளில் சார்பியல் கொள்கைக்கு ஒரு ஆள், அவனுக்கு ஒரு மாமனார்.

நிச்சயதார்த்தம் ஜோராக நடந்தது. சாம்பார் மணந்தது. முத்துமீனா மயில்கழுத்துக் கலர் பட்டில் வந்து நின்றாள். பேச்சிமுத்து பெருமை தாங்காமல் அம்மா காதில், "பாத்தியாம்மா? அறிவியலை எளிமையாச் சொன்னா யாரு வேணும்னாலும் ஏத்துக்கிருவாக" என்றான்.

"மாலை வாடுறதுக்குள்ள வாயை மூடு" என்றாள் ராக்கம்மாள். ஆனால் அவள் முகத்திலும் சிரிப்புத்தான்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு, இடுப்பில் ஒரு கூடைக் கடலையோடு, மலையாண்டிக்குப் பக்கத்துக் காட்டுக்காரி தங்கப்பொண்ணு வந்தாள். கூடையைப் பேச்சிமுத்துவின் காலடியில் இறக்கி வைத்து, அவன் முகத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

"மகராசனா இருக்கணும் தம்பி! வரப்பை வெட்டி வெட்டி எங்கிட்டருந்து இழுத்த எடத்தையெல்லாம், 'மருமகன் சாட்டிலைட்டுல அளந்துட்டாரு'ன்னு சொல்லி உங்க மாமனாரு அவராவே விட்டுக் குடுத்துட்டாரு!"